கேள்வி கேட்கப் போன ஹவில்தார்

பட்டாளத்தில் இருந்தவனுக்குப் பயமே கிடையாது என்று சொல்பவர்கள் யாரும் பட்டாளத்தில் இருந்ததில்லை. எதிரியைப் பார்த்துப் பயப்படாதவர்கள் உண்டு. ஆனால் ஆபீஸர் எதிரே வந்து நின்றால் எல்லாருக்கும் ஒரே வியாதிதான். முதுகு விறைக்கும், நாக்கு உள்ளே போய்விடும். பதினேழு வருஷம் இந்திய ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்த்த எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அதோடு போய்ப் பத்திரிகைப் படிப்பில் சேர்ந்தேன் பாருங்கள்!

ஹவில்தாராக ரிட்டயர் ஆனதும், நர்ஸ் வேலை கிடைத்து முன்னாடியே வந்துவிட்ட என் மனைவி ஸ்டெல்லாவின் பின்னால் அமெரிக்காவில் சான் ஹோசேவுக்கு வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பக்கத்து ஊர் மில்பிடாஸில் கம்ப்யூட்டர் போர்டு செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்ட் கிடைத்தது. காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பு தூங்கும், கண் தூங்காது. "சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறதுக்கு ஏதாவது படிங்களேன்" என்று ஸ்டெல்லா என்னைக் கம்யூனிட்டி காலேஜுக்குத் துரத்தினாள். என் நேரத்துக்கு ஒத்துவந்த வகுப்புகள் இரண்டுதான். ஒன்று நீச்சல், இன்னொன்று ஜர்னலிசம். நீச்சல் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

வகுப்பில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். எனக்கு நாற்பத்தொன்று. (முதல் நாள் ஒரு பையன் என்னை வாத்தியார் என்று நினைத்து, லேட்டாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். நானும் மன்னித்துவிட்டேன்.) காலேஜ் பத்திரிகையை எங்கள் வகுப்புதான் நடத்தியது. எடிட்டர் ரோசா. மெக்சிகோக்காரப் பெண், இரண்டு வயதுப் பையனுக்குத் தாய். பையனைக் காலேஜ் டேகேரில் விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வகுப்புக்கு வருவாள். நைட் ஷிப்ட் முடித்த நானும் அவளும்தான் வகுப்பில் போட்டி போட்டுக்கொண்டு கொட்டாவி விடுவோம்.

அந்த டேகேரை மூடப்போகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு அடிபட்டது. ரோசா நேராக என்னிடம் வந்தாள்.

"ஜோசப், காலேஜ் பிரசிடென்ட்டை நீங்க போய்ப் பாருங்க. மூடறாங்களா, எப்போ, ஏன். மூணே கேள்வி. என் பையன் அங்கே இருக்கான், அதனால இதை நான் எழுதக்கூடாது."

"வேற யாராவது..." என்று இழுத்தேன்.

"இதுங்க எல்லாம் சின்னப் பசங்க. அவர் சிரிச்சுப் பேசியே அனுப்பிடுவார். நீங்க சோல்ஜர். யாருக்கும் பயப்பட மாட்டீங்க."

இந்த ஊருக்கு வந்தபிறகு என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த முதல் ஆள் அவள்தான். (ஸ்டெல்லா அப்போது காரைக்கூட என்னிடம் முழுசாக நம்பிக் கொடுக்கவில்லை.) தலையை ஆட்டிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காத கண்ணும் இஸ்திரி போட்ட சட்டையுமாகப் போய் நின்றேன். பிரசிடென்ட் ஆறடிக்கு மேல் இருந்தார். கை குலுக்கினார், சோபாவில் உட்காரவைத்தார், தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். டேப் ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து பட்டனை அமுக்கினேன்.

"உங்க பேர்?" என்றார்.

பழக்கதோஷம். நம்பர், ராங்க், பேர் மூன்றையும் ஒப்பித்துவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மிலிட்டரியா! நான்கூட நேவியில கேப்டனா இருந்தவன்தான்."

கேப்டன் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே எழுந்து அட்டென்ஷனில் நின்றன. காபிக் கோப்பைக்கு அந்தப் பயிற்சி கிடையாது. பாதி என் சட்டையில், மீதி அவருடைய கார்ப்பெட்டில்.

"பரவாயில்லை, உட்காருங்க" என்று சிரித்தார். ஆர்டர் ஆயிற்றே, உட்கார்ந்தேன். எங்கே இருந்தீர்கள் என்றார். லடாக் என்றேன். அங்கே வண்டிகள் எப்படி ஓடும் என்றார். சொன்னேன். டீசல் உறைவதைச் சொன்னேன், ஸ்டவ்வை வைத்து இன்ஜினைச் சூடு பண்ணுவதைச் சொன்னேன். மெஸ்ஸில் போடும் பருப்புவரை வந்துவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் என்னால் நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் செக்ரட்டரி கதவைத் தட்டினாள். நேரம் முடிந்தது.

விறைப்பாக எழுந்து நின்றேன். "வேற ஏதாவது ஆர்டர் உண்டா, சார்?"

என் வாய்தான் கேட்டது. நான் அந்த அறையில் கேட்ட ஒரே கேள்வி அது.

"காலேஜைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுங்க" என்றார்.

"யெஸ் சார்!"

மறுநாள் ரோசா டேப்பை வகுப்பு முழுக்கக் கேட்கப் போட்டுவிட்டாள். முதலில் காபி கொட்டும் சத்தம். அப்புறம் லடாக். அப்புறமும் லடாக். நடுநடுவே "யெஸ் சார்", இரண்டு இடத்தில் "ஜீ சாப்". பிள்ளைகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். ரோசா சிரிக்கவில்லை.

"டேகேர்?" என்றாள்.

"கேட்கலை."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டு வாங்குவதற்கென்றே பதினேழு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பையனைக் கூட்டிவரும் நேரம். "சரி" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு சரியைச் சுமந்துகொண்டு அன்று ராத்திரி முழுக்கப் போர்டு போர்டாக சால்டர் வைத்தேன். பாதி போர்டு திரும்பி வந்தது.

அடுத்த வாரம் காலேஜ் நிர்வாகக் குழுக் கூட்டம். பொதுமக்களும் எழுந்து பேசலாம். பேர் கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டதும் மைக் முன்னால் போய் நின்றேன். பிரசிடென்ட் என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். நாக்கு கிளம்பிவிட்டது உள்ளே. அவரைப் பார்த்தால்தானே வம்பு என்று, அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தேன். பரேடில் அப்படித்தான் பார்ப்போம். பார்வையோடு குரலும் பரேடுக்கே போய்விட்டது.

"சார்! டேகேரை மூடறீங்களா, சார்!"

மைக் கீச்சிட்டது. முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ரோசா மடியில் தூங்கிக்கொண்டிருந்த பையன் வீறிட்டு அழுதான். வாசலில் நின்ற செக்யூரிட்டி என் பக்கம் நகர்ந்தார்.

"இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான்..." என்று பிரசிடென்ட் ஆரம்பித்தார்.

"எப்போ, சார்! ஏன், சார்!"

நிறுத்தத் தெரியவில்லை. பதில் வந்தால்தான் அந்தக் கத்தல் நிற்கும் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். இந்த வருஷக் கடைசியில் மூடுகிறோம், இடம் ஆபீஸுக்கு வேண்டியிருக்கிறது என்றார்.

செய்தி என் பேரோடு வந்தது. டேகேரை அதற்காக யாரும் திறந்து வைத்திருக்கவில்லை; சொன்னபடியே மூடினார்கள். ஆனால் விஷயம் முன்கூட்டியே தெரிந்ததால் ரோசாவும் மற்றத் தாய்மாரும் ஆளுக்கொரு இடம் தேடிக்கொண்டார்கள். "அடுத்த தடவை அந்த 'சார்'ங்கற வார்த்தையை மட்டும் விட்டுடுங்க" என்றாள் ரோசா. முயற்சி செய்தேன். முடியவில்லை. டிப்ளமா வாங்கினேன், பத்திரிகை வேலைக்கு மட்டும் போகவில்லை.

பல வருஷம் கழித்து என் மகள் ஜெனி ஒரு பையனை வீட்டுக்கு அழைத்துவந்தாள். "அப்பா, திஸ் டைம் யூ ஆஸ்க் த கொஸ்டின்ஸ், ஓகே?" என்று காதைக் கடித்தாள். அவனும் நானும் இரண்டு மணி நேரம் பேசினோம். அவன் போனதும் ஸ்டெல்லா வந்தாள்.

"பையன் என்ன வேலை பார்க்கிறான்?"

"நல்ல பையன்."

"அது சரி. அப்பா அம்மா எங்க இருக்காங்க?"

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச பையன், ஸ்டெல்லா. லடாக் பத்தி அவ்வளவு ஆசையாக் கேட்டான்."

நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஃபாதர் என்னிடம் கேட்டார். சான் ஹோசேயில் பாதிப் பேருக்கு அந்த வேலைதானே என்று தைரியமாக, "கம்ப்யூட்டர்" என்றேன்.

மாப்பிள்ளை பல் டாக்டர். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் அவரைத்தான் கூப்பிடச் சொல்கிறார்கள்.