மன்னிப்பரும் பங்குக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே அதிகம் பேரை மன்னித்து, அதனாலேயே அதிகம் பேரின் பகையைச் சம்பாதித்தவர் கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அந்தச் சின்னத் தெருவில் அவர் வீட்டைத் தவிரப் பதினொரு வீடு. ஒன்பது வீட்டாரை மன்னித்தாயிற்று. மற்ற இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர் கனடாவில்.

அவர் பெயரை எவரும் சொல்வதில்லை. மன்னிப்பர் என்றால் பஸ் நடத்துனருக்கும் தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் தேவாலயத்தில் திருவிருந்து. மனதில் பகை வைத்துக்கொண்டு அதில் பங்குபெறக் கூடாது. நாங்கள் இந்தக் கடமையை ஒரு நிமிடம் கண்ணை மூடி முடித்துவிடுவோம். மன்னிப்பர் சனிக்கிழமையே சைக்கிளை எடுத்துவிடுவார்.

"மாஸ்டர், உங்களை மன்னிச்சிட்டன்."

"என்னத்துக்கு?"

"அதை விடுங்கோ. நான் மறந்திட்டன்."

அவர் போய்விடுவார். எனக்கு ஏற்கெனவே பிரஷர். என்ன செய்தேன் என்று கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மத்தியானச் சாப்பாடு இறங்காது.

பகை இல்லாத மாதம் அவருக்கு வீணாய்ப் போன மாதம். "ஆத்துமா வளர ஆண்டவர் ஒவ்வொரு நாளும் ஒரு சந்தர்ப்பம் அனுப்புறார், மாஸ்டர். நாங்கள்தான் காணுறேல்லை" என்பார். அவர் கண்டுகொண்டேயிருந்தார். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரை இறங்கும் இடம்வரை பின்தொடர்ந்து போய் மன்னித்தார். அந்த ஆள் பொலிஸைக் கூப்பிடப் பார்த்தார். சுருதி விலகிப் பாடிய பாடகர் குழு அம்மா ஒருவரை எல்லோர் முன்னாலும் மன்னித்தார். அந்த அம்மா குழுவை விட்டே போய்விட்டார். சுருதி சரியாயிற்று, அதை மட்டும் மன்னிப்பரின் வரவில் வைக்கலாம்.

சிக்கல் கிணற்றில் வந்தது. அவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் கந்தையாவுக்கும் பங்குக் கிணறு; ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கொரு முறை. தண்ணீர் இறைக்கும் மிசின் கந்தையாவினுடையது; இருவரும் அதில்தான் இறைப்பார்கள். ஒருதடவை கந்தையா மன்னிப்பரின் முறையில் அரை மணி நேரம் தனக்கு இறைத்துவிட்டார். மன்னிப்பர் மன்னித்தார். அடுத்த மாதமும் போய் அதே அரை மணியை மன்னித்தார். அதற்கடுத்த மாதமும்.

"அண்ணை, நான் சைவக்காரன். எனக்கு உந்த மன்னிப்பு வேண்டாம். நீங்கள் மன்னிக்க மன்னிக்க நான் கள்ளன் எண்டெல்லோ ஊர் கதைக்குது" என்றார் கந்தையா.

"அப்பிடிக் கதைக்கிறவையையும் மன்னிச்சிட்டன்."

அன்றிலிருந்து தன் முறை முடிந்ததும் கந்தையா மிசினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். மன்னிப்பருக்கோ அந்தப் போகத்து வெங்காயம்தான் ஒரே வருமானம். வாளியால் அள்ளி எத்தனை பாத்திக்கு ஊற்றுவது? வெங்காயத் தாள் நுனியில் மஞ்சளாகத் தொடங்கியது. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். அவரையும் மன்னித்ததாகக் கேள்வி.

கடைசியில் போதகரிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

"நீங்கள் கந்தையாவிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?" என்றார் போதகர்.

"நான் பிழை விடேல்லையே, ஐயா. எனக்குக் குடுத்துத்தான் பழக்கம்."

"அப்ப ஆண்டவர் அனுப்பின சந்தர்ப்பம் இதுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் மன்னிப்பர் ஒருவரையும் மன்னிக்கவில்லை. அப்படி ஒரு பயணத்தை அவரோடு நான் செய்ததே இல்லை.

மறுநாள் காலை கந்தையா இறைத்து முடித்து, மிசினைக் கழற்றக் குனிந்தபோது, மன்னிப்பர் கிணற்றடியில் வந்து நின்றார். வேலிக்கு இப்பால் நான். அவர் வாயைத் திறந்தார், மூடினார். நாலு தரம்.

"கந்தையா, என்னை மன்னியும்."

கந்தையா நிமிரவில்லை. "என்னத்துக்கு?"

"மாதம் மாதம் உம்மை மன்னிச்சதுக்கு."

கந்தையா கையிலிருந்த ஸ்பனரைக் கீழே வைத்தார். சிரிப்பை மறைக்க மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வாய்க்காலைத் திறந்துவிடுங்கோ, அண்ணை. தாள் வாடுது" என்றார்.

வெங்காயம் பிழைத்தது. அதன் பிறகு மன்னிப்பர் எவரையும் மன்னிக்க வருவதில்லை. ஒழுங்கை அமைதியாக இருக்கிறது. போன சனிக்கிழமை என் வீட்டு வாசல் படலையைத் தாண்டி நேரே போனார். அவருக்கு ஏதாவது சின்னப் பிழை செய்து வைத்தால் உள்ளே வருவாரோ என்று எனக்கு யோசனையாக இருக்கிறது.