ரெகுலேட்டருக்குப் பூசிய சந்தனம்

ஜெலாப்பாங், ஈப்போ
புதன்கிழமை காலை

அன்பு மகள் பிரமிளாவுக்கு, அப்பா கார்த்திகேசு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் கார் மூவரும் நலம்; மூன்றாமவர் மட்டும் முழு நலம் இல்லை. ஜொகூரில் உன் நலத்துக்கு முனியாண்டி சாமி பொறுப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்துகிறாள். அதனால்தான் அவள் அனுப்பும் முறுக்கு டின்னுக்கு அடியில் இதை வைக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தவள், கோப்பெங் தாண்டிய ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை, பெட்ரோல் எண்ணெய் பிரஷர் ரெகுலேட்டரை உசத்தியாகப் போட்டால் டர்போ பறக்கும் என்று யூடியூப் பார்த்துச் சொல்லிவிட்டு, காரை என் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறினாய். நீ ஆர்டர் போட்டுப் பெட்டியில் வந்த புதுச் சாமானைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் தர்மாவின் பட்டறைக்குப் போனேன். அவன் பார்த்ததும் சிரிக்கிறான். “அங்கிள், இதை மட்டும் மாத்துனா பவர் ஒண்ணும் ஏறாதுலா. டர்போ ஊதுறப்ப எண்ணெய் பிரஷரும் கூடவே ஏறணும், அதைப் பாத்துக்கிறதுதான் இதோட வேலை. பழசே அதை ஒழுங்கா செய்யுது. பெரிய இன்ஜெக்டர் போட்டு, பூஸ்ட் ஏத்தி, டியூன் பண்றவங்களுக்குத்தான் இது வேணும்” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எம் பொண்ணு இன்ஜினியர்டா. அவளுக்குத் தெரியாததா? மாட்டு!” என்றேன்.

ஆனால் மாட்டுவதற்கு முன் பூசை போட வேண்டாமா? முப்பது வருடம் தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டியவன் நான். புது டயரானாலும் சரி, ஃபேன் பெல்ட்டானாலும் சரி, முனியாண்டியிடம் காட்டாமல் வண்டியில் ஏற்றியதில்லை. சாமானை முன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, நம் பழைய தோட்டம் இருக்கும் சிலிம் ரிவருக்கு ஓட்டினேன். தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. நாம் குடியிருந்த லயத்து வீடு ஒன்றுகூட இல்லை. முனியாண்டி மட்டும் அரிவாளோடு அதே இடத்தில் நிற்கிறார். பூசாரி மகேந்திரன், “இது என்ன சாமான்ணே?” என்று கேட்டார். காருக்கு இதயம் என்று நான் வாயை விட்டேன். அப்படியானால் சும்மா விடலாமா என்று எலுமிச்சை அறுத்து, சுருட்டு கொளுத்தி, சந்தனத்தைக் கை நிறைய அள்ளிச் சாத்திவிட்டார். அந்த ரெகுலேட்டரின் உச்சியில் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. டர்போவின் காற்று மெல்லிய குழாய் வழியாக அங்கேதான் வரும். பூசாரி அதை நெற்றி என்று நினைத்துவிட்டார் போல. சந்தனம் அங்கேதான் அதிகம். ஈப்போ வருவதற்குள் காய்ந்து கல்லாகிவிட்டது. தர்மா துணியால் துடைக்கப் போனான். “சாமி பிரசாதம், கை வைக்காதே” என்று நான்தான் தடுத்தேன். நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டி முடித்ததும் உன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோப்பெங் பக்கம் போனேன். மட்டமான ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் அழுத்தினேன் பார், டர்போ விசிலடிக்கிறது, கார் இருமுகிறது, உதறுகிறது, பின்னால் ஹாரன், உன் அம்மா “முருகா முருகா” என்கிறாள். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திப் போனதம்மா! அந்த டிரைவர் எட்டிப் பார்த்து, “சுசாவா அங்கிள், ரொம்பக் கஷ்டமா?” என்று அனுதாபம் வேறு கேட்டான். முப்பது வருட மானம் அங்கேயே போச்சு. தர்மா திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மூக்கு அடைத்ததால் டர்போ ஊதுவதே ரெகுலேட்டருக்குத் தெரியவில்லையாம். காற்று ஏறுகிறது, எண்ணெய் ஏறவில்லை. இப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடுமாம். ஆகவே மகளே, கார் தயாராக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அவசரப்படாதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கார் உன்னிடம் இருந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாய்; “சாப்பிட்டீங்களா? சரிப்பா, வச்சிர்றேன்,” அவ்வளவுதான். இப்போது தினமும் ராத்திரி ஏழரைக்கு, “பிரஷர் எவ்வளவுப்பா?” என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுகிறாய். நேற்று உன் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தாய். உன் அம்மா ஏழு மணிக்கே சீரியலை நிறுத்திவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நீ இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறதம்மா.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் மோட்டாரில் யார் பின்னாலும் ஏறாதே. நூறு வயது நன்றாக இரு. முனியாண்டி துணை.

இப்படிக்கு,
உன் அப்பா
கார்த்திகேசு

பி.கு: டின்னை மூட வந்த உன் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டாள். “பொய் சொல்லித்தான் புள்ளைய பேச வைக்கணுமா?” என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். அந்தச் சந்தனத்தைத் தர்மா அன்றைக்கே ஊசியால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டான். உன்னிடம் இருந்தபோது கார் இழுக்காததற்குக் காரணம் ரெகுலேட்டரே இல்லை. ஏர் ஃபில்டர் முழுக்கத் தூசி. அதை மாற்றிவிட்டு, பழைய ரெகுலேட்டரையே திரும்பப் போட்டான். மூன்று வாரமாக ஏற்றமெல்லாம் ஜம்மென்று ஏறுகிறது. போனில் நான் தினமும் சொன்ன கோளாறு ஒவ்வொன்றும் என் சொந்தக் கற்பனை. சனிக்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு போ. போன பிறகும் ஏழரைக்குக் கூப்பிடும்மா. பேச ஒன்றும் இல்லையென்றால் அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேள். அது நிஜமாகவே ஏற்றத்தில் இழுக்கவில்லை.