சேமிப்பு வங்கியின் ஆறு தூண்கள்

மனித குலம் சேமிக்கக் கற்ற வரலாற்றின் உச்சம் எங்கள் ஊர்ச் சேமிப்பு வங்கிதான். அதன் வாசலில் அன்று காலை கூடியிருந்தவர்கள் ஐவர்: வங்கியை நிறுவியவரின் பேரனான பெரியவர், அவருக்குக் குடை பிடித்த மருமகன், வங்கி மேலாளர், பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த பெண் பொறியாளர், நாற்பது ஆண்டுகளாக அங்கே சிறுகச் சிறுகச் சேமித்துவரும் தையல்காரர்.

பெரியவருக்கு வயது எழுபத்தொன்பது. முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. பொறியாளர் தலையசைத்துவிட்டால் கட்டடம் 'நினைவுச் சின்னம்' ஆகிவிடும். வாசலில் பதிக்கவேண்டிய கல்வெட்டு ஏற்கெனவே தயார். வாசகம் பெரியவருடையது, பதினொரு முறை திருத்தியது: 'இந்த ஆறு கருங்கல் தூண்கள் நிறுவனரின் நேர்மைக்குச் சாட்சி.'

பொறியாளர் முதல் தூணை விரலால் தட்டினார். பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டது. மற்ற ஐந்தும் அதே குரலில் பதில் சொன்னன.

"ஐயா, இது கல்லு இல்ல. மரச்சட்டம். மேல சுண்ணாம்பு பூசியிருக்காங்க. எதையும் தாங்கல, சும்மா நிக்குது."

"சும்மாவா? நூறு வருஷமா நிக்குதும்மா!"

மேலாளர் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். "இங்க தெளிவா இருக்கே. 'பொதுமக்கள் சேமிப்பிலிருந்து ஆறு கருங்கல் தூண்கள் வாங்கப்பட்டன.' நிறுவனர் கையெழுத்தும் இருக்கு."

"பார்த்தீங்களா!" என்றார் பெரியவர். குடும்ப மானம் கப்பலேறப் பார்த்த நேரத்தில் கையெழுத்து வந்து காப்பாற்றியது. "எங்க தாத்தா கல்லுன்னு எழுதினா கல்லுதான். உங்க விரல்லதான் ஏதோ கோளாறு."

"மாமா, வெயில் ஏறுது. போலாமே" என்றார் மருமகன்.

"நீ குடையைப் பிடி. ஏம்மா, எங்க தாத்தாவுக்குக் கல்லைப் பத்தித் தெரியாதா? எங்க வீட்டுக்கு வந்து தட்டிப் பாருங்க. முகப்புல ஆறு தூண். அசல் கருங்கல். ஆணி இறங்காது!"

தையல்காரர் பணிவாகக் கேட்டார்: "அது எந்த வருஷம் கட்டினதுங்க ஐயா?"

"வங்கி கட்டின அதே வருஷம்!"

"மாமா, போதும்."

"ஏன்டா போதும்? வண்டி வண்டியா கல்லு வந்து இறங்கினதை எங்கப்பா கண்ணால பார்த்திருக்கார்!"

மேலாளர் தீர்மானப் புத்தகத்தை மெல்ல மூடினார். தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவி, வங்கித் தூணின் சுற்றளவை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் குறித்துக்கொண்டார். "உங்க வீட்டையும் ஒரு எட்டு பார்த்துடலாம் ஐயா."

அளவு நூலிழை பிசகவில்லை. வீடு அன்றே நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்வெட்டையும் அங்கேயே பதித்தார்கள். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நிறுவனர் வங்கியிலிருந்து தூண்களைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்று ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. அது அப்பட்டமான பொய். அந்தத் தூண்கள் வங்கிக்கு வந்ததே இல்லை.