நம்ம ஆளுக்கு எதிராக ஓர் ஊர்வலம்

"'அமைச்சரே, பதவி விலகு!' இது யாரு எழுதினது?"

பதாகையின் ஒரு முனையைப் பிடித்திருந்த நிக்கனோரா, "நான்தான் தலைவரே," என்றாள்.

எல் ஆல்ட்டோ மலைநகரின் அரசு நூற்பாலையை இழுத்து மூடும் உத்தரவில் அன்று மதியம் அமைச்சர் கையெழுத்துப் போடப் போகிறார். ஆலைச் சங்கத்தின் செயலாளர் அவள். முந்நூறு பேர் பிழைப்போடு அவள் பிழைப்பும் போகும். தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஃபுல்ஹென்சியோவுக்கோ வேறு கவலை.

"ஏம்மா, அவரு நம்ம கட்சி. நம்ம கூட்டமைப்புலேருந்து போனவரு. நம்ம ஆள நாமளே திட்டினா வலதுசாரிக்காரன் சிரிக்க மாட்டானா?"

"ஆலைய மூடினா மட்டும் அழுவானா?"

"அது கொள்கை முடிவு. நீ வாசகத்த மாத்து."

'பதவி விலகு'வை அழித்து 'யோசி' என்று எழுதினாள்.

"அப்ப இதுவரைக்கும் அவரு யோசிக்கலைங்கிறியா?"

கடைசியில் 'அமைச்சரே, உம்மை நம்புகிறோம்!' என்று ஆயிற்று.

ஆதரவுக்கு வந்த சுரங்கத் தோழர்கள், ஊர்வலத்தில் வெடித்துச் சத்தம் எழுப்ப வழக்கம்போல் டைனமைட்டோடு வந்திருந்தார்கள். தலைவர் பதறினார். "வெடி வேணாம், அவரு மனசு நோகும்."

"சத்தமே போடாம எப்படிப் போராடுறது?" என்றார் ஒரு சுரங்கத் தோழர்.

"பேண்டு வைப்போம்."

ட்ரம்பெட் ஊதியதும் கால்கள் தாமாக ஆடின. முந்நூறு பேரும் ஆடிக்கொண்டே மலைச்சரிவில் அமைச்சகத்தை நோக்கி இறங்கினார்கள். சந்தைக்காரிகள் ஓடிவந்து எல்லோர் தலையிலும் வண்ணக் காகிதத் துகள் தூவினார்கள்.

"யாருக்குப் பொறந்தநாளு?"

"எங்க ஆலைக்குச் சாவுடி!" என்று நிக்கனோரா கத்தினாள். முரசுச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அமைச்சர் மாடத்துக்கு வந்தார். பதாகையைப் படித்தார். ஆட்டத்தைப் பார்த்தார். தளர்ந்த கையை ஒருமுறை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

"பார்த்தியா, கையசைச்சாரு!" ஃபுல்ஹென்சியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் மணி நேரத்தில் உத்தரவு வாசல் பலகையில் ஒட்டப்பட்டது, கையெழுத்தோடு.

நிக்கனோரா வாசற்காவலரிடம் பாய்ந்தாள். "இத்தன பேர் வந்தும், என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலியே அந்தாளுக்கு!"

காவலர் குரலைத் தாழ்த்தினார். "கோவிக்காதீங்க தோழர். கையெழுத்துப் போடச் சொல்லி மேலிடத்துல கழுத்த நெரிக்கிறாங்க. 'நம்ம கூட்டமைப்பு வாசல்ல வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிக்கட்டும், அதக் காட்டியே நிறுத்திடறேன்'னு மனுசன் காலையிலேருந்து சன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."