பாத்ரூம் தரைக்கு நான் இழுத்த வெள்ளைக் கோடுகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், பாத்ரூம்தான் சுகமில்லை. அங்கே நீங்கள், என் மகள், உங்கள் அத்தை, அத்தையின் புது முட்டி ஆகிய நால்வரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் போனை எடுப்பது என் மகள். அதில் வருகிற செய்தியை உங்களுக்கு முன்னால் படிப்பதும் என் மகள். ரகசியம் காக்க இந்தக் காலத்தில் தபால்பெட்டியை விட்டால் நாதியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து அத்தையை நீங்கள் காரில் ஏற்றியபோது என் மகள் வாசலில் நின்று சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "அப்பா, அந்த பாத்ரூம் தரையைப் பாருங்க, டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பு கறுப்பா அழுக்கு. அதுல அம்மா கால் வைக்க வேணாம். தரை சரியாகட்டும், கூட்டிட்டு வரேன். இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டு நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க." நீங்கள் பக்கத்தில் நின்று கார் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் குறை சொல்லவில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் டயருக்குள்ளேயே போயிருப்பேன். உங்கள் வீடு நல்ல வீடு மாப்பிள்ளை, அங்கே வந்தால் எனக்கு ஒரு குறையும் இருக்காது. அதுதான் எனக்குப் பயம். இங்கே எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் குறை சொல்ல நிறைய இருக்கிறது, பொழுது போய்விடும். இப்போது சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, திட்டத்தான் ஆளில்லை.

ஆகவே தரையைத் தேய்க்க உட்கார்ந்தேன். என் வயதில் உட்காருவதே பாதி வேலை, எழுந்திருப்பது மீதி, நடுவில் தேய்ப்பது என்பது இனாம். சோப்புத்தூள் போட்டுக் கட்டை பிரஷால் தேய்த்தேன், டைல்ஸ் பளபளத்தது, அதனாலேயே இடுக்கு முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. சரி, பெரிய பிரஷ் உள்ளே போகாது என்று டம்ளரில் கிடந்த பழைய டூத் பிரஷை எடுத்துத் தேய்த்தேன், அருமையாக வேலை செய்தது, அது என்னுடையது என்று மறுநாள் காலை வாயில் வைத்தபிறகுதான் தெரிந்தது. ஒரு முழம் வெளுத்தது. எழுந்து நின்று பார்த்தால், ஒரு பல்லை மட்டும் விளக்கினவன் சிரிக்கிற மாதிரி இருக்கு தரை. ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இடுக்கில் இருக்கிற சிமெண்டுக்கு 'கிரவுட்' என்று பெயராம். "ஆசிட் போடுங்க சார், ஆனா தண்ணி கலந்து போடுங்க. வேற எதையும் கலந்துடாதீங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க" என்றார் கடைக்காரர். "எவ்வளவு தண்ணிப்பா?" என்றேன். "நிறைய." நிறைய என்பது ஒரு அளவா, நீங்களே சொல்லுங்கள். நான் எனக்குத் தோன்றிய நிறையை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது, அழுக்கு அலறுது பார் என்று சந்தோஷப்பட்டேன், கடைசியில் பார்த்தால் அலறினது சிமெண்ட். அழுக்கு அங்கங்கே இருந்தது, அது உட்கார்ந்திருந்த இடம்தான் போய்விட்டது. பளபளவென்றிருந்த குழாயும் கறுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. வந்திருக்கக் கூடாது.

நான் போர்டு எழுதுகிறவன். அழுக்கு போகாவிட்டால் என்ன, மேலே எழுதிவிடலாமே என்று மீதியிருந்த வெள்ளை எனாமல் பெயின்டைத் திறந்து, சின்ன பிரஷை எடுத்து, குப்புறப் படுத்துக்கொண்டு இடுக்கு இடுக்காக இழுத்தேன். எப்பேர்ப்பட்ட தரை தெரியுமா மாப்பிள்ளை, டைல்ஸ் ஷோரூம் கெட்டது போங்கள். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே போன். "அப்பா, ஆள் வெச்சு செஞ்சீங்களா?" "நானேதாம்மா." "இவ்ளோ நல்லா தேய்ச்சிருக்கீங்களே." தேய்த்தேன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

பெயின்ட் காயட்டும் என்று இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளித்துவிட்டு, மூன்றாம் நாள் நம் பாத்ரூமில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கப் போனேன். எனாமல் மேலே தண்ணீர் பட்டால் எண்ணெய் தடவின மாதிரி ஆகும் என்பது போர்டில் தெரியாது, போர்டு மேலே யாரும் நடக்கிறதில்லை. ஒரு காலை வைத்தேன், அடுத்த காலை வைக்க அவசியமே ஏற்படவில்லை. பயப்படாதீர்கள், விழுந்த இடத்தில் சதை இருக்கிறது. கையை ஊன்றி நகர்ந்தபோது ஒரு வெள்ளைக் கோடு முழுசாக உரிந்து என் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவும் நேராகத்தான் இருந்தது.

உடனே எழுந்திருக்கவில்லை. முடியாதது ஒன்று, யோசனை ஒன்று. அந்த உயரத்திலிருந்து நம் பாத்ரூமை நான் பார்த்ததேயில்லை. குழாய்க்கு அடியில், வாளி வைக்கிற மூலையில், கதவு இடுக்கில், எல்லா இடத்துக்கும் கை எட்டினது. அத்தை இங்கேதான் இப்படி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் முட்டி மடங்காமல் போன பிறகுதான் இந்த இடுக்கு கறுக்க ஆரம்பித்தது. நான் அதை டைல்ஸுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. நான் விழுந்த இடத்தில் அவள் விழுந்திருந்தால். அதற்கு மேல் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை, நீங்களும் முடிக்க வேண்டாம்.

ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வராதீர்கள். இந்தத் தரை பார்க்கத்தான் லாயக்கு. என் மகளிடம் நீங்களே ஏதாவது சொல்லி நிறுத்திவிடுங்கள், அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றால் அவள் மறுக்க மாட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்லிவிடுங்கள். வீட்டைப் பூட்டு என்பாள். பூட்டுகிறேன். சாவி எங்கே இருக்கிறது என்று அத்தைக்குத்தான் தெரியும், அதை மட்டும் கேட்டுச் சொல்லவும்.

நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று, வழுக்காத தரையில் நெடுங்காலம் நடமாட வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"ஏங்க, இடுக்குல பெயின்ட் அடிச்சீங்களா?"

"யார் சொன்னா?"

"போட்டோதான் சொல்லுது. எந்த மேஸ்திரி பூசின இடுக்கு இவ்வளவு நேரா இருக்கும்? எனக்கு முட்டிதான் புதுசு, கண்ணு பழசுதான்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா என்னை விடுவாளா? போட்டோவைப் பார்த்து நானும் ஆஹா ஓஹோன்னுதான் சொல்லிட்டிருக்கேன். இங்க எல்லாம் நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க. ஒரு டம்ளரை எடுத்தாக்கூட 'நீங்க உக்காருங்கம்மா'ங்கிறாங்க. எவ்வளவு நேரம்தான் உக்காருவேன்?"

"வழுக்குதுடி. நான் விழுந்தேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்லை."

"அப்ப நான் வர்றதுக்குள்ள அதைச் சுரண்டி எடுத்துட்டு, கடையில கேட்டு ஒழுங்கா புது சிமெண்ட் பூசுங்க. கறுப்பாவே வாங்கிப் பூசுங்க, அழுக்கு தெரியாது."

ஆகவே மாப்பிள்ளை, கூட்டி வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். சொன்ன ஞாயிற்றுக்கிழமையே கூட்டி வாருங்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும், என் மகளிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, பழைய பேண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்கள் தனியாக வரவும். நம் குடும்பத்தில் இப்போது முட்டி முழுசாக மடங்குகிற ஆம்பளை நீங்கள் ஒருவர்தான்.