புளி கரைத்த பாடி வாஷ்

மனிதரில் ஒரு வகை உண்டு: குளிப்பதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் படிப்பவர்கள். படித்ததோடு விட்டால் பரவாயில்லை. ‘சல்பேட்’ என்ற சொல்லைக் கண்டதும் வீட்டிலுள்ள சோப்பு, ஷாம்பு, சீயக்காய்த் தூள் வரை சந்தேகப்பட்டு மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டு, செல்போனில் மூன்று நாள் வகுப்பு கேட்டு, தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுத்த சாதுவான நுரைப்பொருளைக் கூரியரில் வரவழைத்து, சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிவிடுவார்கள். நுரையே வரவில்லையே என்று கேட்டுப் பாருங்கள். “நுரை வேற, சுத்தம் வேறங்க” என்பார்கள். கேட்டது நம் தப்பு.

மாரண்டஹள்ளியில் என் பக்கத்து வீட்டு முருகேஷ் இந்த வகையில் முதல் தரம். போன ஆவணியில் அவர் மனைவி சுகுணாவின் சித்தப்பா மகனுக்குப் பாலக்கோட்டில் கல்யாணம். நாத்தனார் முடிச்சு சுகுணாதான் போட வேண்டும். எட்டரைக்குப் பஸ், நாங்களும் அதில்தான் போக வேண்டும். எட்டு மணிக்கு அந்த அம்மாள் தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறையில் நிற்கிறார். கதவுக்கு வெளியே முருகேஷ் முக்காலி போட்டு உட்கார்ந்து, தான் தயாரித்த பாடி வாஷ் கலவையில், புளிப்பா காரமா என்று காட்டும் காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்க்கிறார்.

“ஆச்சாங்க?”

“பி.எச். ஒம்போதுல நிக்குது. அஞ்சு புள்ளி அஞ்சுக்கு வரணும்.”

“பஸ்ஸு வந்துரும்ங்க.”

“தோலு முக்கியமா, பஸ்ஸு முக்கியமா?”

புளிப்பேற்ற வேண்டிய சிட்ரிக் ஆசிட் தீர்ந்துவிட்டது. புளிக்குப் பேர்போன தர்மபுரி ஜில்லாக்காரர் அதற்கெல்லாம் கலங்குவாரா? எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றினார். காகிதமே புளி நிறமாகிவிட்டது. எண் எங்கே தெரியும்? கலவையும் நீர்த்துப் போனது. கெட்டியாக்க உப்புப் போட்டார். சல்பேட் சரக்குதான் உப்புக்கு இறுகும், இது மசியவில்லை. இன்னொரு பிடி போட்டார். இனி மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம்.

எட்டேகாலுக்குக் குளியலறை ஜன்னலிலிருந்து என் மனைவிக்குக் குரல் வந்தது.

“செல்லியக்கா, உங்க வூட்டு துணி சோப்பக் கொஞ்சம் வீசுங்க.”

வீசினாள். அதைப் போட்டுக் குளித்து, ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்து, சுகுணா முடிச்சும் போட்டுவிட்டார். எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் பந்தியில் முருகேஷ் சும்மா இருந்தாரா? “எங்க வூட்டம்மா மூஞ்சியப் பாருங்க, எப்படி மின்னுது. துளி சல்பேட் இல்லீங்க” என்று இலைக்கு இலை சொல்லி, பதினோரு பாட்டிலுக்கு ஆர்டர் பிடித்தார். சுகுணா குனிந்து இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் மாதத்துக்கு இரண்டு துணி சோப்பு கூடுதலாகக் கரைகிறது.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் படிக்கும்போது நடுவில் ஒருமுறை, எழுந்துபோய் உங்கள் வீட்டு பாட்டிலைத் திருப்பிப் பார்க்கலாமா என்று தோன்றியதா, இல்லையா? தாராளமாகப் போங்கள். கதவை மட்டும் தட்டிவிட்டுப் போங்கள். உள்ளே யாராவது எண்ணெயோடு நின்றுகொண்டிருக்கலாம்.