முத்திரையார் போன் வைக்காத படலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் இன்னார் என்பதை முதலில் பதிந்துவிடுவது நல்லது. ஏனெனில் அங்கே இல்லாதவர்கள்தான் பின்னாளில் அதிகம் பேசினார்கள்.

நாற்காலியில் வீற்றிருந்தவர், முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைகளின் எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் அரசு முத்திரை குத்தி, ஒரு கிராம் குறைந்த கல்லையும் மன்னிக்காமல், அவர் கடைத்தெருவில் நுழைந்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்று பெயரெடுத்து ஓய்வுபெற்ற ஆய்வாளர். உறவினர் வாயில் முத்திரையார். அவருக்கு இடப்புறம் அவர் மனைவி. வலப்புறம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், கல்யாணம் நிச்சயமானவள். கதவோரம் மனைவியின் தம்பி; புதுப் போனை வாங்கி வந்து அதில் முப்பத்தேழு ஆப்களை ஏற்றிக் கொடுத்த வள்ளல், ஆகவே அன்று முதல் ஆப் மாமா. கண்ணாடித் திரைக்கு அப்பால், பேருந்துப் பணிமனையின் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சம்பந்தி பணிமனையார். அவர் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. இவர்களோடு, நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ்.

வாழ்க முத்திரையார்! குனியாத முதுகும் கசங்காத காலரும் உடையவர், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்று உலகத்தைத் தாமதமாக்குபவர், தம் குடும்பத்தின் பெயரில் ஒரு தூசி விழுந்தாலும் அதைத் தட்டிவிட்டு, விழுந்த இடத்தையும் கழுவி, கழுவிய தண்ணீரையும் சந்தேகிப்பவர், வாழ்க! கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து வரும் மின்சாரமே, நீயும் வாழ்க. இந்தக் கதையில் நீ வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றாலும் உன்னை வணங்கித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

போருக்கு ஒரு காரணம் உண்டு. முத்திரையாரிடம் பத்தாண்டுகளாக ஒரு பட்டன் போன் இருந்தது. சனிக்கிழமை செருகினால் அடுத்த சனிக்கிழமை வரை உழைக்கும் நாணயஸ்தன் அது. அதில் அவர் பேசும் முறை அளவைத் துறையின் முறை: விஷயம் முடிந்த கணமே சிவப்புப் பொத்தான். "சரி" என்ற சொல்லின் கடைசி எழுத்து எதிராளியின் காதை அடையும் முன்பே இணைப்பு அறுந்திருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன் பணிமனையார் கல்யாணத் தேதி பற்றிக் கேட்க அழைத்தபோதும் அப்படியே நடந்தது. "தேதி சரி" என்றார் முத்திரையார்; வைத்துவிட்டார். மொத்தம் பதினோரு விநாடி. அந்தப் பக்கத்தில் பணிமனையார், "அப்புறம் சம்பந்தி, வீட்ல எல்லாரும்..." என்று செத்த போனிடம் நலம் விசாரித்துவிட்டு, மகனைப் பார்த்துக் கேட்டாராம்: "ஏன்டா, உன் மாமனாருக்கு என்மேல என்ன கோவம்?"

அந்தக் கேள்வி மாப்பிள்ளை வழியாக மகளுக்கு வந்தது. மகள் அப்பாவின் முன் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ நீங்க முதல்ல வெச்சீங்கன்னா, அந்த வீட்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு போய் நிக்கிறதுப்பா?"

முத்திரையார் வலக்கையை மேசைமேல் ஊன்றி, வீடு கேட்க ஓர் உறுதி உரைத்தார்: இந்தக் குடும்பம் இனி எந்நாளும் எவர் பேச்சையும் முதலில் முறிக்காது, முறிக்க வேண்டுமானால் அது எதிர்த்தரப்பின் பொறுப்பு. அவ்வாறே புதுப் போனும் வந்தது, முகம் பார்த்துப் பேச.

வந்த நாளிலிருந்தே அதன்மீது அவருக்கு வழக்கு இருந்தது. காலையில் நூறு என்கிறது, காபி ஆறுவதற்குள் தொண்ணூற்று மூன்று என்கிறது, தொடாமல் வைத்திருந்தாலும் எண்பத்தெட்டு என்கிறது. "இந்த நூறுக்கு யார் முத்திரை போட்டது?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஆப் மாமா சார்ஜைச் சேமிக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அது எல்லா ஆப்களையும்விட அதிகம் தின்றது. ஆனாலும் முப்பத்தேழில் ஒன்று முத்திரையாரின் மனத்தைக் கவர்ந்துவிட்டது: ரசமட்டம் பார்க்கும் ஆப். போனைப் படுக்க வைத்தால் போதும், தளம் மட்டமா சாய்வா என்று பாகை கணக்கில் சொல்லிவிடும். அன்று காலை முழுவதும் அவர் வீட்டின் அலமாரிகள், சன்னல் விளிம்புகள், மேசை, கட்டில் யாவற்றின்மேலும் போனை வைத்துச் சோதித்து, குளிர்சாதனப் பெட்டி ஒன்றரை பாகை இடப்புறம் சாய்ந்து இத்தனை வருடம் குடும்பத்தை ஏமாற்றி வந்ததைக் கண்டறிந்தார். அந்த நீதி விசாரணைக்குக் கொடுத்த விலைதான் ஐம்பத்தொன்பது சதவீதம்.

இனிப் போர்க்கோலம். இஸ்திரி முறுக்கு மாறாத வெள்ளைச் சட்டை, நேர்வகிடு, சட்டைப்பையில் பேனா. ஆனால் திரையில் தெரியப்போவது மார்பு வரைதான் என்று ஆப் மாமா அறுதியிட்டுச் சொல்லியிருந்ததால், கீழே பல கோடை கண்டு வெளுத்த கட்டம்போட்ட கைலி. இடுப்புக்கு மேலே சம்பந்தி, இடுப்புக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை. ஆகவே அழைப்பு முடியும்வரை எழுந்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மணி ஐந்தே கால். திரை ஒளிர்ந்தது, பணிமனையார் தோன்றினார். முத்திரையார் வணக்கம் சொன்ன வேகத்தில் பெருவிரல் எதன்மேலோ பட, அவர் தலையில் இரண்டு பூனைக்காதுகள் முளைத்தன. கன்னங்களில் மீசை மயிர் மும்மூன்று. அந்தக் கோலத்திலேயே அவர் குடும்பத்தின் நான்கு தலைமுறை நேர்மையை எடுத்துரைத்தார். பணிமனையார் பண்பாளர், முப்பது வருடம் ஓட்டுநர்களின் விடுப்புக் கடிதங்களைச் சிரிக்காமல் படித்தவர். கண்டும் காணாதவராக, "கேள்விப்பட்டிருக்கேன், கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். மகள் பக்கவாட்டிலிருந்து ஒரு விரலை நீட்டிக் காதுகளை அகற்றியபோது சார்ஜ் இருபத்தெட்டு.

நலங்கள் விசாரிக்கப்பட்டன. மண்டபம் பேசப்பட்டது. விஷயம் தீர்ந்தது. தீர்ந்த இடத்தில்தான் யுத்தம் தொடங்கிற்று.

"அப்ப வெச்சிடுவோமா சம்பந்தி?" என்றார் பணிமனையார்.

"தாராளமா. நீங்க வைங்க."

"நீங்க வைங்க. நீங்க பெரியவரு."

"நானா? எந்த வருஷம் பொறந்தீங்க நீங்க?"

பிறந்த தேதிகள் உருவிய வாள்களாக மோதின. உலகத்தார் மூத்தவர் என்ற மதிப்புக்கு முட்டிமோதும்போது, இந்த இருவரும் இளையவர் என்ற பட்டத்துக்குப் போராடினார்கள். முத்திரையார் இரண்டு மாதம் இளையவர் என்பது தெளிவாயிற்று. ஆயினும் பணிமனையார் அஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் தம் வயதைக் கூட்டி எழுதிவிட்டார்கள் என்றொரு கேடயத்தை உயர்த்தினார். பத்தொன்பது.

பணிமனையாருக்கும் வீட்டில் ஓர் எச்சரிக்கை இருந்தது என்பதை முத்திரையார் அறியார். சம்பந்தி கோபக்காரர், நீங்கள் முதலில் வைத்து வம்பை வளர்க்காதீர்கள் என்று மாப்பிள்ளை அன்று மதியமே கேட்டுக்கொண்டிருந்தான். ஆக, அசையாத மலைக்கு எதிரே அசையாத மலை. நடுவே உருகிக்கொண்டிருந்தது பேட்டரி மட்டும்.

பேச்சு ஓய்ந்தால் யாராவது வைக்க வேண்டிவரும் என்பதால் பேச்சு ஓயக் கூடாது. முத்திரையார் முட்டிவலியை ஏவினார். பணிமனையார் தோள்வலியால் அதைத் தடுத்தார். வெயில் போயிற்று, புழுதி வந்தது. டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வந்தது, அதை அளக்கும் கருவிக்கு முத்திரை உண்டா என்பது எதிரே சென்று அதை மறித்தது. நடுவில் போன் தானாகவே கணகணத்து, "தண்ணீர் குடிக்கும் நேரம்" என்று அறிவித்தது. இரு தரப்பும் அதற்கு மரியாதை கொடுத்துத் தண்ணீர் குடித்தன. பதினான்கு. எண் சிவந்தது.

அப்போது ஆப் மாமா தரையோடு தரையாகத் தவழ்ந்து புறப்பட்டார். வாயில் சார்ஜர் ஒயர், கண்ணில் தியாகம். ஒயரின் நீளம் ஒரு மீட்டர். செருகும் இடமோ செருப்பு அலமாரிக்குக் கீழே, நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர். உள்ளறையிலிருந்து அவர் இழுத்து வந்த நீட்டிப்புப் பெட்டியில் ஓட்டைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. எது தேவையற்றது என்று ஒரு கணம் யோசித்து, பச்சை விளக்கு எரியும் ஒன்றைப் பிடுங்கினார். அது வைஃபை. அதற்குமேல் பெட்டி நகரவும் இல்லை; ஒயர் நாற்காலியை எட்டவும் இல்லை.

பணிமனையார் வாய் பாதி திறந்த நிலையில் உறைந்தார். முத்திரையார் இதை இணைப்புக் கோளாறு என்று கொள்ளவில்லை. எதிரி கையாளும் மௌன வியூகம் என்று கொண்டார். இமைக்காமல் பார்க்கிறான், பார்க்கட்டும். அவரும் இமைக்காமல் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது, கழுத்து நரம்பு தெறித்தது, விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது விநாடி கழித்துப் போன் தானாக வேறு வழி கண்டு இணைந்தபோது, அந்தப் பக்கத்தில் பணிமனையார் கவலையோடு, "சம்பந்தி, ஏன் அழறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று. இரண்டு.

அந்தக் கண்ணீர்தான் பணிமனையாரைக் கரைத்திருக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமினார். இதுவரை எடுக்காத ஆயுதத்தை, அதாவது உண்மையை, எடுத்தார்.

"மனசு விட்டு ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு டக்குனு வெச்சிட்டீங்க. எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு முழு சம்மதம்தானே?"

மகளின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது. முத்திரையார் நிமிர்ந்தார். நான்கு தலைமுறை ஒன்றாகச் சேர்ந்து பேசுவதுபோல மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

திரை கறுத்தது.

"முழு சம்மதம்" என்றார் அவர். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகமே அவரைப் பார்த்து அதைச் சொல்லிற்று. அவர் மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் குன்றியது.

மகள் தன் போனில் மாப்பிள்ளைக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. அவள் அதை அப்பாவுக்குக் காட்ட விரும்பவில்லை, அவர் வாங்கிப் படித்தார். "சார்ஜ் போயிடுச்சுன்னு சொன்னேன். அப்பா சிரிச்சாரு. சரியா அந்தக் கேள்விக்கா போச்சுன்னு கேக்கறாரு."

"இதுல பேசுங்கப்பா" என்று தன் போனை நீட்டினாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என் போன்ல அறுந்தது, என் போன்லதான் ஒட்டணும்" என்றார் முத்திரையார்.

எழுந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த மேலதிகாரிக்கும் வளையாத முதுகு வளைந்தது. வெள்ளைச் சட்டையும் வெளுத்த கைலியுமாக, செருப்பு அலமாரிக்குக் கீழே, ஒரு பழைய குடைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் இடையே, சப்பணமிட்டு அமர்ந்து, ஒயரைத் தம் கையாலேயே செருகினார். திரையில் வெறும் பேட்டரியின் படம் மட்டும் வந்தது. அது உயிர்க்க நான்கு நிமிடம் ஆயிற்று. "அத்தான், நாற்காலிய இங்க தூக்கிட்டு வரட்டா?" என்று கேட்ட ஆப் மாமாவை ஒரு பார்வை பார்த்தார், ஆப் மாமா போய் வைஃபையைச் செருகினார்.

முத்திரையார் அழைக்க, பணிமனையார் எடுத்தார். முதலில் கண்டது குடையை.

"என்ன சம்பந்தி, கீழ உக்காந்துட்டீங்க?"

"ஒயர் எட்டல." முத்திரையார் நேராகப் பார்த்தார். "எனக்கு முழு சம்மதம். அன்னிக்கு வெச்சது கோவத்துல இல்ல. எனக்கு போன வெக்கத் தெரியும், பேசத்தான் தெரியாது."

பணிமனையார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை வைஃபை நன்றாகவே இருந்தது. பிறகு அவர் பார்வை இறங்கி, கைலியில் நின்றது.

"அட, கைலியா? எனக்குத் தெரியாம போச்சே" என்று தம் போனைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். மேலே கோடுபோட்ட முழுக்கைச் சட்டை. கீழே, முழங்கால் தெரிய, காக்கி அரை டவுசர்.

இரு வீட்டிலும் எழுந்த சிரிப்பில் செருப்பு அலமாரி அதிர்ந்தது. முத்திரையாரும் சிரித்தார், அவர் சிரித்ததை அவர் மனைவி நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

"சரி, அப்ப வெச்சிடுங்க சம்பந்தி."

"நீங்க வைங்க."

இப்போது பேட்டரியின் உதவியும் இல்லை, ஒயர் செருகியிருந்தது. ஆறு, எட்டு, பதினொன்று என்று எண் ஏறிக்கொண்டே போனது. யுகமுடிவு வரை நடக்கத்தக்க யுத்தம். பதினேழில், இங்கே மகளும் அங்கே மாப்பிள்ளையும் தங்கள் போன்களில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். இரு தந்தையரின் தோள்களுக்குமேலும் இரண்டு கைகள் நீண்டன. "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று இரு வீட்டிலும் ஒரே குரல். இரண்டு சிவப்புப் பொத்தான்களும் ஒரே கணத்தில் அழுந்தின. யாரும் முதல்வரில்லை; யாருக்கும் குறையில்லை.

முழுச் சம்மதமா என்று கேட்டதும் பெண்ணின் தகப்பனார் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டதாகக் கல்யாண மண்டபத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது தவறு. சார்ஜ் தீர்ந்துவிட்டது.